அக்கா தேய்த்த இறக்கைகள்

எங்கள் திடலில் பறந்த விமானங்களில் சுருக்கமே இல்லாத இறக்கை லிஃப்ட்காரனுடையது ஒன்றுதான். பல் டாக்டருடையது அவசரத்தில் மாட்டிய சட்டை போல இருக்கும். என்னுடையது துவைத்துப் பிழிந்து உதறாமல் கொடியில் போட்டது போல இருக்கும்.

விமானம் என்றதும் ஆட்கள் ஏறிப் போகிற விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற விமானம். மூக்கில் ஒரு குட்டி மோட்டார், வயிற்றுக்குள் பாட்டரி, தரையில் நிற்பவன் கையில் இரண்டு குச்சி முளைத்த ரிமோட். பெட்ரோல் வாடை இல்லை, புகை இல்லை. தேனீ ஒன்று காதருகே வந்து போகிற சத்தம், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய மூன்று ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால், மூடிக்கிடந்த ஆலைக்குப் பின்புறம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வழியாக நடக்கப் போகிற பெரியவர் ஒருவர் ஒருமுறை தானும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏதாவது தொலைஞ்சு போச்சா சார்?" என்று கேட்டார்.

பல் டாக்டர் எங்களில் மூத்தவர், வசதியானவர், வாரத்துக்கு ஒன்றை உடைப்பவர். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திடலில் என்னை ஜெராக்ஸ் என்றே கூப்பிடுவார்கள். மூன்றாமவன் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான ஆள். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. அதிகம் பேசமாட்டான். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். விமானம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் போன் அடித்துவிட்டால் இறக்கிவிடுவான். "மேல இருக்கறது தானா கீழ வந்துடும். நடுவுல மாட்டிக்கிட்டவன்தான் பாவம்" என்பான்.

அவன் ஒண்டிக்கட்டை. அவனோடு அவன் அக்கா இருந்தாள். அவனைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணம் ஆகி ஏழே மாதத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அந்த வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கேட்டவர்களுக்கு இரண்டாவது கேள்வி வராது.

கடைத்தெருவின் கோடியில் இருந்த லாண்டரியில் இஸ்திரி போடுவதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜை. நின்று நின்று வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு சட்டைக்கு நான்கு நிமிடம். காலரை முதலில் உள்பக்கம் தேய்ப்பாள், பிறகுதான் வெளிப்பக்கம். கல்யாணத்துக்குப் போகிறவர்களும் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும் "அந்தம்மா கையால போடச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் பொழுதுபோக்குக்குள் அவள் வந்தது ஒரு முறுக்கல் விவகாரத்தில்.

லிஃப்ட்காரன் கட்டுகிற விமானங்கள் பால்சா என்ற மரத்தில் செய்தவை. தக்கை போல எடையே இல்லாத மரம். அதில் எலும்புக்கூடு மாதிரி இறக்கையைக் கட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஃபிலிமின் ஒரு பக்கத்தில் பசை இருக்கும். சூடு பட்டால் பசை பிடிக்கும். இன்னும் கொஞ்சம் சூடு பட்டால் ஃபிலிம் சுருங்கி முரசுத் தோல் போல விறைப்பாகும். அதற்கும் மேல் போனால் பொத்துக்கொள்ளும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் வித்தை. எங்கள் மூவருக்கும் அது பிடிபடவே இல்லை.

அவன் கட்டிய மஞ்சள் விமானம் ஒன்று எப்போது பார்த்தாலும் இடது பக்கமே சாய்ந்தது. மோட்டாரை மாற்றினான். பாட்டரியை நகர்த்தினான். மூன்று ஞாயிறு போராடிவிட்டு நான்காவது ஞாயிறு தலைகுப்புற விழவைத்தான். நான்தான் அவனையும் விமானத்தையும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அக்கா இறக்கையை வாங்கி, பேன்ட் மடிப்பைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நீளவாக்கில் பார்த்தாள்.

"முறுக்கிக்கிட்டிருக்குடா."

"எங்க?"

"இந்தக் கோடியில. மேல நிறைய சூடு காட்டியிருக்க, கீழ காட்டல. மேல இழுக்குது. ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சா துணியே கோணிக்கும், இது கோணாதா?"

வீட்டில் இருந்த பழைய இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அடித்தகட்டில் ஒரு கிழிந்த பனியன் துணியை இழுத்துக் கட்டினாள். சூட்டைக் கன்னத்தருகே வைத்துப் பார்த்தாள். என்னை இறக்கையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறு முனையை எதிர்த் திசையில் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கம் நான்கு இழுப்பு இழுத்தாள். கையை எடுத்தபோது இறக்கை ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது. ஒட்டுப்போட்ட அந்த விமானம் அடுத்த ஞாயிறு நூல் பிடித்தாற்போல் பறந்தது.

அன்றிலிருந்து ஃபிலிம் வேலையெல்லாம் அவளுடையதாகிவிட்டது. நாள் முழுக்கத் தேய்த்துவிட்டு வந்து வீட்டிலும் தேய்க்கிறாளே என்று எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருமுறை கேட்டும் விட்டேன். "சட்டையைத் தேய்ச்சுக் கொடுத்தா சாயங்காலம் கசங்கிடும். இது கசங்காதில்ல" என்றாள்.

திடலுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தாள். பறந்ததைப் பார்க்கவில்லை. "கழுத்து வலிக்குதுப்பா" என்று நிழலில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கிய பிறகு விமானத்தை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஃபிலிம் எங்காவது எழும்பியிருக்கிறதா என்று ஓரமெல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பல் டாக்டர் வந்து, "உன் தம்பி பிரமாதமா பண்ணியிருக்கான்மா" என்றார். அவள் சிரித்துவிட்டுத் தடவுவதைத் தொடர்ந்தாள். ஃபிலிம் போட்டது அவள்தான் என்று லிஃப்ட்காரன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

அடுத்து ஒரு பெரிய கிளைடர் கட்ட ஆரம்பித்தான். இரண்டு மீட்டருக்கும் மேல் இறக்கை. மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றிவிட்டு, பிறகு நிறுத்திவிட்டால் பருந்து போல மிதக்கும் ரகம். எலும்புக்கூடு கட்ட அவனுக்கு நான்கு மாதம். மேலே ஃபிலிம் போட அவளுக்குப் பதினெட்டு நாள். அடர் நீலத்தில் வெள்ளைக் கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழைகூட இடைவெளி இல்லை. இறக்கை முனையின் வளைவில் ஃபிலிம் மடிப்பு விழாமல் சுற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து கெடுத்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் அதை மூன்று தடவை பிரித்து நான்காவது தடவை முடித்தாள்.

இந்த இடத்தில் பாட்டரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை என்பதால்தான் இவ்வளவு நேரம் இறக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பயன்படுத்துவது லித்தியம் பாட்டரி. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் சக்தி அதிகம். அடிபட்டால் உப்பும். உப்பியதைச் சார்ஜில் போடக் கூடாது. சீறிக்கொண்டு எரிந்தாலும் எரியும். அடிபட்ட பாட்டரியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தூக்கி எறிய வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். பல் டாக்டர், பல் தேய்க்கச் சொல்வது போல இரண்டையும் வாராவாரம் சொல்வார்.

என் விமானம் ஒன்று மூக்கால் தரையைக் குத்தியபோது அதன் பாட்டரி ஒரு மூலையில் நசுங்கியது. உப்பவில்லை, அல்லது உப்பியதாக எனக்குத் தெரியவில்லை. புதுசு. தூக்கி எறிய மனம் வரவில்லை, நானே பயன்படுத்தத் தைரியமும் வரவில்லை. அலமாரியில் வைத்திருந்தேன். கிளைடருக்கு அதே அளவில் பாட்டரி தேடிக்கொண்டிருக்கிறேன் என்று லிஃப்ட்காரன் சொன்னபோது எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"புதுசா?"

"ரெண்டு தடவைதான் பறந்திருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. இரண்டாவது தடவை எப்படி இறங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கிளைடரை முதன்முதலாகப் பறக்கவிடப் போகிற ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு அவன் பின்னறையில் ஜன்னலோரப் பலகையில் பாட்டரியைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். போன் அடித்தது. எட்டு மாடிக் கட்டடம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு ஆள், மூச்சு முட்டுகிறது என்று கத்துகிறார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கலாம். இன்னும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், திரும்பி வந்ததும் நேராகத் திடலுக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறான்.

"அக்கா, பீப் அடிச்சா ஒயரைப் பிடுங்கிடு" என்று வாசலிலிருந்து கத்திவிட்டு இறங்கிப் போனான்.

அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றாள். ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு வேலை. காலி வாளியோடு இறங்கி வரும்போது தித்திப்பான ஒரு வாடை அடித்திருக்கிறது. நகப் பாலிஷ் வாடை போல. பக்கத்து வீட்டுப் பெண் காலையிலேயே அலங்காரம் பண்ணுகிறாளோ என்று நினைத்தாளாம். கதவைத் திறந்தால் பின்னறை முழுக்க வெள்ளைப் புகை. பலகை எரிகிறது. திரைச்சீலை எரிகிறது. அலமாரியில் இருந்த பழைய விமானங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. பால்சா காகிதத்தைவிடச் சுலபமாக எரியும்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடியிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதுவரை ஒரு முடிகூடக் கருகவில்லை.

அவள் உள்ளே போனாள். எதிர்ச் சுவரில் இரண்டு ஆணிகளில் நீல இறக்கை கிடந்தது. அதை இழுத்தாள். மேலிருந்து பார்க்கும்போது முழுசாக இருந்ததாம். அடிப்பக்கம் உருக ஆரம்பித்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. நடைவழிக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, உருகிய ஃபிலிம் வலது உள்ளங்கையிலும் மூன்று விரல்களிலும் ஒட்டிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் விடவில்லையா, விட முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் இறக்கை கீழே விழுந்தது.

அந்த நேரத்தில் லிஃப்ட்காரன் எட்டாவது மாடிக்கு மேலே இயந்திர அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை ஆறாவது மாடிக்கு இறக்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் உள்ளே இருந்த ஆள் வெளியே வந்து, "செய்தித்தாள் வாங்கக் கிளம்பினேன் தம்பி, எமன்கிட்ட போய்ட்டு வந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவனும் சிரித்திருக்கிறான். அதை அவன் பிறகு என்னிடம் சொன்னான். "அந்த நேரத்துல நான் சிரிச்சிட்டிருந்தேன்" என்றான். வேறு எதையும்விட அதுதான் அவனை அரித்தது.

திடலில் நானும் பல் டாக்டரும் காத்திருந்தோம். அன்று காற்றே இல்லை. பறப்பதற்கு அப்படி ஒரு காலை வருடத்தில் நாலைந்துதான் வாய்க்கும்.

தீக்காயப் பிரிவின் நடைவழியில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோடு திருகி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் அங்கே அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டரி அடிபட்டது, எனக்குத் தெரியும், தெரிந்தே கொடுத்தேன் என்று. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிரே சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மூலையில நசுங்கியிருந்துச்சு" என்றான்.

"ஆமா."

"பார்த்தேன். டேப் சுத்தினேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "டீ ஏதாவது வாங்கிட்டு வாயேன்" என்றான். வாங்கி வந்தேன். குடிக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப்போனது.

தொடையிலிருந்து தோலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். பிடித்துக்கொண்டது. ஆனால் காயம் ஆற ஆற விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்தன. மற்ற மூன்றும் எதையோ பொத்தி வைத்திருப்பது போல உள்ளங்கையை நோக்கி மடங்கிவிட்டன. இறக்கையும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும், சொல்லவில்லை.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். குற்றம் சொல்ல முடியாது. ஒரு மரப் பட்டறைக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒற்றை அறைக்கு மாறினார்கள். லாண்டரி முதலாளி நல்லவர். அக்காவைக் கவுன்ட்டரில் உட்காரவைத்தார். துணியை வாங்கி, எண்ணி, சீட்டுக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். இடது கையால் எண்களை எழுதப் பழகினாள். அவள் எழுதும் ஏழு ஒன்று போலவே இருக்கும். ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சண்டைகூட வந்தது. அவள் மேஜையில் புதிதாக ஒரு பெண் நின்றாள். காலரை வெளிப்பக்கம் மட்டும் தேய்ப்பாள். அக்கா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு சீட்டுக் குத்துவாள்.

லிஃப்ட்காரன் வேறு ஆளாகிவிட்டான். வீட்டில் பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கிவைத்தான். வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து சுவிட்சைப் பார்ப்பான். மறுபடி போவான், மறுபடி வருவான். பட்டறைக்காரர்கள் "இன்னைக்கு எத்தனை ரவுண்டு சார்?" என்று கேலி செய்தார்கள். போனைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடுகிறாள் என்று அக்காவிடம் கத்தினான். இஸ்திரிப் பெட்டியை ஒருநாள் காணோம், தூக்கிப் போட்டுவிட்டான். ரிமோட்டையும் மிச்சமிருந்த மோட்டார்களையும் ஒரு சாக்கில் கட்டிப் பல் டாக்டர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்விட்டான்.

அவர்கள் சண்டை போட்டதை ஒரு தடவைதான் நான் பார்த்தேன். ஆறேழு மாதம் ஆகியிருக்கும். சாயங்காலம் போயிருந்தேன். அக்கா ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்; ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. பந்து நழுவி உருண்டு அவன் காலடிக்குப் போனது. அவன் அதை எடுத்தான். கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான்.

"ஏன்க்கா உள்ள போன?" என்றான். இத்தனை மாதம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"பந்தைக் குடு."

"ஒரு றெக்கை. வெறும் கட்டையும் பிளாஸ்டிக்கும். எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது. திரும்பக் கட்டியிருக்க மாட்டேனா? எனக்காக யாரு உன்னைக் கையை விடச் சொன்னது?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

"உனக்காகவா? உன் றெக்கையா இருந்தா நான் எதுக்குடா உள்ள போறேன்? நீ கட்டினது கட்டை. மேல இருந்ததெல்லாம் என்னுது. பதினெட்டு நாள். இருபத்திரண்டு வருஷமா ஊர்க்காரன் சட்டை, ஊர்க்காரன் பேன்ட். அது ஒண்ணுதான் நான் எனக்காகத் தேய்ச்சது."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடலில் பல் டாக்டர் "உன் தம்பி பிரமாதமா பண்ணியிருக்கான்" என்று சொன்னபோது அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போது புரியவில்லை.

"பந்தைக் குடுடா" என்றாள் மறுபடியும். கொடுத்தான்.

இரண்டு மாதம் கழித்து அவன் வெளியூர் போய்விட்டான். எங்கோ பெரிய கோபுரக் கட்டடங்களில் புதிதாக லிஃப்ட் பொருத்துகிற வேலை. ரிப்பேர் இல்லை, அவசர போன் இல்லை என்றான். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது கடைக்குள் ஏறவில்லை, படியிலேயே நின்றான். "அக்காவைப் பார்த்துக்கோ" என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தானோ, கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தானோ.

அக்கா ஒருநாள் மதியம் என் கடைக்கு வந்தாள். கை ஊனத்துக்குச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வேண்டும் என்றாள். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். சேர்த்த தேதி, சேர்த்த நேரம், தீக்காயத்தின் காரணம். 'வீட்டில் பாட்டரி வெடித்து' என்று ஒரு வரி இருந்தது. இயந்திரத்தின் வெளிச்சம் அந்த வரியின் மேல் போய்விட்டு வந்தது. நகல் சூடாக வெளியே விழுந்தது.

"அக்கா, அந்தப் பாட்டரி நான் கொடுத்தது" என்றேன்.

"தெரியுமே."

"இல்ல, அது அடிபட்ட பாட்டரி. தெரிஞ்சுதான் கொடுத்தேன். கொடுக்கும்போது அவன்கிட்ட சொல்லல."

அவள் நகல்களை இடது கையால் தட்டி ஓரம் சேர்த்தாள். வெகுநேரம் சேர்த்துக்கொண்டே இருந்தாள். காகிதம் ஓரம் சேர்ந்துதான் இருந்தது.

"அவன் என்னடான்னா நான்தான் சார்ஜ்ல போட்டுட்டுப் போனேன்னு அழறான். பல் டாக்டர் வந்து, நான் கண்டிப்பா சொல்லியிருக்கணும்மாங்கறார். இப்ப நீ வந்து நிக்கற. ஏம்ப்பா, எத்தனை பேருதான் இந்தக் கைக்குச் சொந்தம் கொண்டாடுவீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோபமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. உன்மேலயும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் அதைத் தூக்கிட்டு வந்து உன் கடையில வெக்கல. நீயும் உன்னுதைத் தூக்கிட்டு வந்து என்கிட்ட வெக்காத."

காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். நகலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேஜையில் வைத்திருந்தாள்.

நானும் பிறகு பறக்கவிடவில்லை. பல் டாக்டர் மட்டும் கொஞ்ச காலம் தனியாகப் போய் வந்தார். தனியாக அண்ணாந்து நிற்பது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று அவரும் நிறுத்திவிட்டார்.

லிஃப்ட்காரன் போன வருடம் ஒரு முறை வந்தான். மூன்று நாள் விடுமுறை. முன்தலை வழுக்கையாகியிருந்தது. கிளம்புகிற அன்று காலை அவர்கள் அறைக்குப் போனேன். லாண்டரியில் ஆள் பற்றாக்குறை என்று அக்கா போர்வைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விடுதி ஒன்றின் வெள்ளைப் போர்வைகள், கட்டில் நிறையக் கிடந்தன. பெரிய போர்வையை ஒற்றைக் கையால் மடிப்பது பெரும்பாடு. ஒரு முனையைத் தாடையால் இடுக்கிக்கொண்டு போராடிக்கொண்டிருந்தாள். அவன் சுவரோரம் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பார்க்கவில்லை, போர்வையைத்தான் பார்த்தான்.

"கை எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"எங்க போயிடும்? இங்கதான் இருக்கு."

பையைக் கீழே வைத்துவிட்டு வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்தான்.

"தளர்த்தியா பிடிக்காதடா. இழுத்துப் பிடி" என்றாள்.

இழுத்துப் பிடித்தான். உதறினார்கள். முனையோடு முனை சேர்க்க இருவரும் நடந்து நடுவில் வந்தபோது, அவள் மடங்கிய விரல்கள் அவன் கைமேல் ஒரு கணம் பட்டன. அவன் கை பின்வாங்கியது. போர்வையின் முனை தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடியும் அவன் கையில் கொடுத்தாள். அப்படிப் பதினோரு போர்வை மடித்தார்கள். பத்தே முக்கால் வண்டிக்கு அவன் போய்விட்டான்.

இப்போதும் வாரம் ஒரு தடவை போன் செய்கிறானாம். "சாப்பிட்டியாங்கறான், சாப்பிட்டேங்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் போனைப் பிடிச்சிட்டு நிக்கறோம்" என்றாள் அக்கா.